கோழியிடம் சொன்னது

உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முதுகில் படித்தவன். "மாடு மாதிரி வழியில நிக்காதே" என்று அம்மா சொன்னால் அது உவமை. "நிக்குது பாரு, வழிய மறிச்சிட்டு மாடு" என்றால் அது உருவகம். இந்த நுட்பத்தை அம்மாவுக்கு உடனுக்குடன் எடுத்துச் சொல்வது என் கடமை என்று ஆறாம் வகுப்பில் நம்பினேன். "அம்மா, இப்ப சொன்னதுல 'மாதிரி' இல்லே. அதனால இது உருவகமாக்கும்" என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஒன்று விழும். அதற்கு என்ன அணி என்று பாடப்புத்தகத்தில் இல்லை.

எங்கள் ஊர் மாநில எல்லையோரத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ரப்பர் மரங்களுக்குள் ஒளிந்து கிடப்பது. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். கல்யாணக் கடிதம் இரண்டு மொழியிலும் இருக்கும். சண்டை மட்டும் கலப்படமில்லாத தமிழில் நடக்கும். பள்ளிக்கூடத்தில் மலையாள வகுப்புகளுக்குப் பெரிய பெரிய அறைகள். தமிழ் வகுப்புக்கு வராந்தாவின் ஒரு முனையைப் பலகை வைத்து மறித்துக் கொடுத்திருந்தார்கள். களியக்காவிளையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு டீச்சர் எங்களுக்குத் தமிழ் சொல்லித் தந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் கணக்கு சார் மலையாளத்தில் பெருக்கிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் டீச்சர் நிலவை முகமாகவும் முகத்தை நிலவாகவும் மாற்றிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம்தான் அணிகள் வந்தன. ஒன்றைப்போல் இன்னொன்று என்றால் உவமை, அதுவே இது என்றால் உருவகம். இருப்பதைப் பெரிதாக்கிச் சொன்னால் உயர்வு நவிற்சி. தானாக நடக்கும் காரியத்துக்குக் கவிஞர் தன் மனதிலுள்ள காரணத்தை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். இதற்கு உதாரணம் கேட்டபோது நான் எழுந்து, எக்ஸ்பிரஸ் ரயில் பாறசாலை ஸ்டேஷனில் நிற்காமல் ஓடுவது, நாங்கள் அதனிடம் இரண்டு மொழியில் வழி கேட்டுவிடுவோம் என்ற பயத்தால்தான் என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். ஒரு டீச்சரைச் சிரிக்க வைத்த பையன் அதன்பிறகு சாதாரணப் பையனாக இருப்பதில்லை. நான் அணி பிடிக்கும் இன்ஸ்பெக்டராகிவிட்டேன்.

"வீட்டுல பேசுற பேச்சிலேயே எல்லா அணியும் உண்டு. காதைத் திறந்து வச்சுக் கேட்டுட்டு வந்து வெள்ளிக்கிழமை சொல்லணும்" என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் கேட்பதற்குப் பஞ்சமில்லை. அது சண்டைக் காலம்.

பெரியப்பா வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. நடுவில் இடுப்புயரத்துக்கு மண்ணால் வைத்த கையாலை. பெரியப்பா வளைகுடாவில் இருந்தார். பெரியம்மா கடலோரப் பூவார்ப் பக்கம் பிறந்தவள். மீன் விஷயத்தில் அவளை ஏமாற்றக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. அவள் வைக்கும் சாளைக் குழம்பில் பாதி, ஒரு மண்சட்டியில் கையாலை தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஒரு பிடி அரிசியோ, நாலு மிளகாயோ, ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அடைமழை பிடித்த ஒரு நாளில் அம்மா அந்தச் சட்டியை வெறும் சட்டியாகக் கையாலையின்மேல் வைத்துவிட்டாள். பெரியம்மா வந்து சட்டியின் உள்ளே பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்பவும் சட்டியின் உள்ளே பார்த்தாள். "ஒரு எலகூடக் கெடைக்கல்லியாக்கும்" என்றாள். அம்மா உள்ளே போனாள்.

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. மீன் குழம்பும் நின்றது.

அதுவரை சாயங்காலமானால் ஒருத்தி தலையை இன்னொருத்தி மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டு, எங்களுக்குப் புரியாத எதற்கோ சிரித்துக்கொண்டே இருப்பார்கள். இப்போது அம்மா தனியாக உட்கார்ந்து, வாரி முடித்த தலையைத் திரும்ப அவிழ்த்துத் திரும்ப வாரிக்கொண்டிருந்தாள். நான் குழம்பை நினைத்து வருந்தினேன். அம்மாவை நினைத்து வருந்த வேண்டும் என்று தோன்றவில்லை. அவளுக்கென்ன, பேசுவதற்குக் கோழி இருந்தது.

அது கழுத்தில் இறகே இல்லாத ஒரு சிவப்புக் கோழி. எங்கள் வீட்டுக் கோழிதான். ஆனால் இரை இங்கே, முட்டை அங்கே என்று, எங்கள் ஊர்க்காரர்களைப் போலவே எல்லையின் இரண்டு பக்கமும் பாத்தியதை வைத்திருந்தது. பாதி நேரம் கையாலையின் மேலேயே நிற்கும். அம்மா முற்றம் அடிக்க வருவாள். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா துணி காயப்போட வருவாள். உடனே அம்மாவுக்குக் கோழியின்மேல் கோபம் வந்துவிடும்.

"அங்க போயிக் கொத்தாதே கோழியே! அது பெரிய எடமாக்கும். ஒனக்க கால்தூசி பட்டா அவியளுக்க முற்றம் தாழ்ந்து போவும்."

அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் பலமாகும். பெரியம்மாவும் கோழியைப் பிடித்துக்கொள்வாள்.

"போ கோழி, போ! வெறுங்கையோட வந்துட்டு வெறுங்கையோட போற எனமில்லியா நீ? முறை தெரியுமா ஒனக்கு, மரியாதை தெரியுமா?"

"முறையெல்லாம் தெரிஞ்சவிய கிட்டப் போயிப் படி கோழியே. அவிய அதுக்குக் காலேஜுல்லா வச்சு நடத்துறாவ."

"கழுத்துல ஒரு தூவல் இல்லே, பேச்சுக்கு மட்டும் ஒரு கொறச்சலும் இல்லே!" என்பாள் பெரியம்மா.

கோழி ஒரு வார்த்தை பேசியிருக்காது.

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எங்களிடம் "குளி", "தின்னு", "படி" என்று ஒற்றைச் சொல்லில் ஆட்சி நடத்தும் அம்மா, கோழியிடம் மட்டும் செய்யுள் நடையில் பேசினாள். அதே சமயம் கோழியின் நடத்தையைப் பற்றியும் எனக்குக் கவலை வந்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே வாயாகக் குற்றம் சொல்கிறார்கள் என்றால் அது ஏதோ பெரிய தப்பு செய்திருக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. சண்டைச் சத்தம் கேட்டால் பால் வெட்டும் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிடுவார். அந்த மாதங்களில் எங்கள் ஊரிலேயே கூர்மையான கத்தி அவருடையதாகத்தான் இருந்திருக்கும்.

"பாவம் மக்கா அந்தக் கோழி" என்றார் அப்பா. "ஒரு நாள் மனசு வெறுத்துப் போயி, தானே கறிச்சட்டியில ஏறி உக்காந்துக்கும்."

உயர்வு நவிற்சி என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பின்னாளில் கல்லூரியில் தமிழ் படித்தபோது இதற்கும் ஒரு பெயர் உண்டு என்று தெரிந்தது. முன்னிலைப் புறமொழி. முன்னால் நிற்பவருக்குச் சொல்ல வேண்டியதை வேறு எதற்கோ சொல்வதுபோலச் சொல்வது. பழைய பாட்டுகளில் தலைவி நண்டிடமும் நாரையிடமும் இப்படிப் பேசுவாள் என்று பேராசிரியர் விளக்கியபோது, வகுப்பே கடற்கரைக்குப் போய்விட்டது. நான் மட்டும் எங்கள் முற்றத்தில் நின்றேன். தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது. கோழியை மறைத்துவிட்டு நாரையை எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் ஆறாம் வகுப்பில் எனக்கு அந்தப் பெயர் தெரியாது. கோழியிடம் பேசுகிறவர்கள் கோழியிடம்தான் பேசுகிறார்கள் என்று நம்பினேன்.

அந்த வியாழக்கிழமை பெரியம்மா ஏதோ காரியமாக நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தாள். அந்தப் பக்கம் கதவு பூட்டிக் கிடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா அடுக்களைப் படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கோழி நனைந்துபோய் அவள் காலடியில் ஒதுங்கியிருந்தது. மறுநாள் டீச்சரிடம் சொல்ல என்னிடம் உருப்படியான உதாரணம் ஒன்றும் தேறவில்லை. அதனால் சன்னலுக்குக் கீழே பதுங்கி உட்கார்ந்திருந்தேன். அம்மா பேச ஆரம்பித்தாள். வழக்கமான குரல் இல்லை. கோழிக்கு மட்டும் கேட்கும் குரல்.

"ஒனக்குத் தெரியும் இல்லியா கோழியே. அன்னைக்கி அரிசிப்பானைக்குள்ள கைய விட்டா, பானைக்க அடிதான் கையில தட்டுச்சு. கறிவேப்பிலைக் கம்புகூட மழையில மொட்டை. சட்டியக் கழுவுனேன். திரும்பயும் கழுவுனேன். கழுவிக் கழுவி கையில வச்சிட்டு நின்னேன். என்னத்தப் போட்டு அனுப்ப? எனக்க வெக்கத்தயா?"

கிழங்கை இரண்டாக வெட்டினாள். தோலைக் கோழியின் பக்கம் தள்ளினாள்.

"அக்காகிட்ட இல்லேன்னு சொல்லியிருந்தா தீந்துபோவும். சொன்னா அவ அரி தருவா. அதாக்கும் எனக்கப் பயம். வாங்கி வாங்கி எனக்க கையி கவுந்து போச்சு கோழியே. இனி நீட்ட வராது." அடுத்த கிழங்கை எடுத்தாள். "அவ ஒரு வார்த்தை மிண்டாத முற்றம் சவம் எடுத்த வீடு மாதிரி கெடக்கு."

சன்னலுக்குக் கீழே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே பேச்சில் எத்தனை அணி!

வெள்ளிக்கிழமை டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். ஒருவன் "எங்க அப்பன் புலி போல" என்றான். அவன் அப்பனை எல்லோருக்கும் தெரியுமாதலால் டீச்சர் அதை உவமையிலிருந்து எடுத்து உயர்வு நவிற்சியில் சேர்த்தார். என் முறை வந்தது. நான் வெறுமனே சொல்லவில்லை, நடித்தேன். அம்மாவின் குரலையும் கோழியின் கழுத்துச் சாய்ப்பையும் மாறி மாறிச் செய்தேன். கோழிக்கு எல்லோரும் சிரித்தார்கள். பானைக்குள் கையை விட்டபோதும் சிரித்தார்கள். சட்டியை இரண்டாம் முறை கழுவியபோது சிரிப்பு குறைந்தது. நான் முடித்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் கணக்கு சாரின் குரல் மட்டும் கேட்டது. மெய்மறந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு விளக்கத்துக்குள் இறங்கினேன்.

"டீச்சர், சவம் எடுத்த வீடு மாதிரிங்கிறது உவமை. வெக்கத்தைச் சட்டியில போட்டு அனுப்ப முடியாது, அதனால அது உருவகம். கையி கவுந்து போச்சுங்கிறது உயர்வு நவிற்சி. எங்க அம்மைக்குக் கையி நேராட்டுதான் இருக்குது."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத இடத்தை அழித்தார்.

"கடைசியில சொன்னது உயர்வு நவிற்சி இல்லே மக்கா" என்றார். "உக்காரு."

ஏன் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு அணி தவறிவிட்டதே என்ற துக்கத்தோடு உட்கார்ந்தேன்.

அந்த வகுப்பில் சிரிக்காத ஆள் ஒருத்தி உண்டு. பெரியம்மாவின் மகள். என்னைவிடச் சில மாதம் மூத்தவள், ஆகவே அக்கா. வீட்டில் ஒருவருக்கொருவர் பேசக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. பள்ளிக்கூட வழியில் அந்த உத்தரவு செல்லாது. பள்ளி விட்டதும் என் கூடவே வந்தாள்.

"எலே, சித்தி அத கோழிகிட்டயா சொன்னா?"

"பின்ன? நான் சன்னல் வழியாட்டு பாத்தேம்லா. கோழி நேரே நின்னு கேட்டுது."

"கேட்டுட்டு என்ன சொல்லிச்சாம்?"

"கோழி என்னத்தச் சொல்லும்? கெழங்குத் தோலைத் தின்னுது."

"மண்டன்" என்றாள் அக்கா. "பெரிய அணி பிடிக்குதானாம், மண்டன்."

வீட்டு முக்கு வந்ததும் புத்தகப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினாள். எனக்கு அணி நன்றாக வருகிறதே என்று அவளுக்குப் பொறாமை. வேறென்ன?

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கோழி வழக்கம்போலக் கையாலையின்மேல் நின்றது. அம்மா துடைப்பத்தோடு வந்தாள். நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவும் நைட்டிக்குமேல் ஒரு துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு கையாலைக்கு வந்தாள். உதறுவதற்குக் கையில் துணி ஒன்றும் இல்லை.

"காலம்பறயே வந்து ஏறி நிக்குது பாரு, வேற போக்கெடம் இல்லாத மாதிரி" என்று அம்மா ஆரம்பித்து வைத்தாள்.

பெரியம்மா பதிலுக்கு ஏசவில்லை. கோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோழியே" என்றாள், "வீட்டுல அரி இல்லேன்னா வந்து சொல்லப்பிடாதா? நான் என்ன அந்நியமா?"

துடைப்பம் நின்றது. அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வழக்கமாக அடுத்தபடியாக முதுகில் விழும். நான் ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தேன். ஆனால் அம்மா திரும்பவும் கோழியின் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லித்தான் தெரியணுமாக்கும் கோழியே? அவளுக்க முற்றத்துலயும் மழை பெய்யத்தானே செய்து? மழைன்னா பால்வெட்டு இல்லேன்னு தெரியாதா?"

"எனக்குப் புத்தி இல்லே கோழியே. அவரு அங்கேருந்து அனுப்புறாரு, நான் இஞ்ச பொங்கித் தின்னுறேன். அடுத்த வீட்டு அடுப்புல பொகை வருதான்னு பாக்கத் தோணல்லே." பெரியம்மா துவர்த்தின் முனையால் மூக்கைத் துடைத்தாள். உடனே குரல் உயர்ந்தது. "ஆனா இவ அத எனக்கிட்டச் சொல்லாம, கழுத்துல தூவல் இல்லாத இந்தச் சவத்துகிட்டயா போயிச் சொல்லுவா? நான் ஒரு கோழிக்குக்கூடப் பெறமாட்டேனா?"

"எனக்கு வேற ஆரு உண்டு கோழியே?" என்றாள் அம்மா.

இந்த இடத்தில் கோழி ஒரு வெட்டுக்கிளியைக் கண்டுவிட்டது. கையாலையிலிருந்து குதித்து, அந்த மொட்டைக் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்குள் ஒரே ஓட்டம். இரண்டு பேரும் கோழி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. அதற்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் முகம். இந்தப் பக்கம் அம்மாவின் முகம்.

எனக்குப் பதறிவிட்டது. ஏச்சு பாதியில் நிற்கிறது, குற்றவாளி தப்பி ஓடுகிறது. வாயில் நுரையோடு கையாலையைத் தாண்டிக் கோழியின் பின்னால் பாய்ந்தேன். மழையில் ஊறிய சருகு வழுக்கி ஒரு முறை விழுந்தேன். பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை ஒன்றில் தலையை முட்டி, அதில் நின்ற மழைத்தண்ணீரை முழுக்கச் சட்டையில் வாங்கிக்கொண்டேன். கோழி நின்று திரும்பிப் பார்த்தது. நான் பக்கத்தில் வந்ததும் ஓடியது. திரும்பவும் நின்று பார்த்தது. கடைசியில் ஒரு அன்னாசிப் புதருக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. கையெல்லாம் முள் கீறியபிறகு அதன் இரண்டு காலையும் பிடித்துவிட்டேன். வழி முழுக்க அதற்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியவர்கள் பேசும்போது இறங்கி ஓடலாமா?

முற்றத்துக்கு வந்தபோது கையாலையின் அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. பெரியம்மா எங்கள் அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பருமனோடு கையாலையை எப்படித் தாண்டினாளோ, நைட்டியின் கரை முழுக்க மண். அம்மா அவளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா அம்மாவின் வலது கையைத் தன் மடியில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி விரித்துப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். சத்தமில்லாத அழுகை.

ஒரு கோழிக்காக இவ்வளவு அழுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அழாதீங்கோ, அழாதீங்கோ! கோழி கெடச்சாச்சு!" என்று அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். அது சிறகை அடித்து என் முகத்தில் சேற்றைத் தெளித்தது. "நல்லா பிடிச்சிருக்கேன். இனி ஏசுங்கோ!"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பெரியம்மாதான் வெடித்துச் சிரித்தாள். அம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "எலே மக்கா, எனக்கப் பொன்னு மக்கா, அத விட்டுருலே" என்றாள் பெரியம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "அது போவட்டு. அதுக்க வேலை தீந்து போச்சு." வீட்டுக்குள் கத்தி தீட்டும் சத்தம் நின்று, அப்பா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் சாளைக் குழம்பு கிடைத்ததால் நானும் கேட்கவில்லை.

அதன்பிறகு அம்மா கோழியிடம் பேசவே இல்லை. பெரியம்மாவும் பேசவில்லை. அது கையாலையின்மேல் ஏறி நிற்கும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். அதற்கு மேலாக இரண்டு பேரும் கையை நீட்டி நீட்டி மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள். தப்பித் தவறி வழியில் வந்தால் "ச்சூ, போ" என்று ஒரு சொல், அவ்வளவுதான். அதில் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. "கோழிகிட்ட இப்ப சண்டையா அம்மா?" என்று கேட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நாள் ஊர்ப்பட்ட பேச்செல்லாம் கேட்டு வளர்ந்த கோழி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அம்மாவின் குரலிலேயே கொஞ்ச நாள் பேசிப் பார்த்தேன். அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்க்கும்; பிறகு மண்ணைக் கிளறப் போய்விடும். பெரியவர்கள் சொன்னால் மட்டும் கேட்கிற கோழி என்று நினைத்துக்கொண்டேன்.